பாதிரியார் மொழிபெயர்க்காமல் விட்ட அத்தியாயம்

ஃபுளோரன்டைன் கோடெக்ஸ் என்ற கையெழுத்துப் பிரதியில் பக்கங்கள் இரண்டு பத்திகளாகப் பிரிந்திருக்கும். வலது பத்தியில் நவாட்ல் மொழி. அஸ்டெக்குகள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அவர்கள் பேசிய மொழி. இடது பத்தியில் அதற்கான ஸ்பானிஷ். பன்னிரண்டு புத்தகங்கள், சுமார் 2,400 பக்கங்கள், பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். பத்தாம் புத்தகத்தின் 27ஆம் அத்தியாயத்துக்கு வரும்போது ஏதோ இடிக்கிறது. வலது பத்தி மனித உடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. தோல், முடி, கண், நாக்கு, விரல், எலும்பு, குடல். ஒவ்வொன்றுக்கும் பெயர், அது எப்படி இருக்கும், என்ன செய்யும். இடது பத்தி இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே ஒரு வயதான பாதிரியார் தானும் தன் சபையும் கிட்டத்தட்ட ஐம்பது வருடமாகச் செய்த வேலை ஏன் உருப்படவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

மொழிபெயர்ப்பாளர் அலுப்பில் ஒரு அத்தியாயத்தைத் தாண்டிப் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். தாண்டிய இடத்தில் தன் கதையை எழுதிவைத்துவிட்டுப் போவது அபூர்வம். பெர்னார்டினோ டி சஹகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு அத்தியாயம்தான் சரியான வாசல் என்று நினைக்கிறேன்.

சஹகூனைப் பற்றி இரண்டு கதைகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் கதையில் அவர் மானுடவியலின் தந்தை. மெக்சிகோவின் பெரிய அறிஞர் மிகேல் லியோன்-போர்டியா தொடங்கி பலர் வளர்த்தெடுத்த பிம்பம் இது. காலனி வெறியின் நடுவே ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்து, பெரியவர்களிடம் பொறுமையாகக் கேட்டு, ஒரு பண்பாட்டையே காப்பாற்றிவிட்டார் என்பது சாரம். இரண்டாவது கதையில் அவர் ஒற்றர். சிலைகளை உடைக்க வந்தவன் முதலில் சிலைகளின் பட்டியலை எடுக்கிறான், அவ்வளவுதான் என்பார்கள். இதற்கு ஆதாரம் வேண்டுமா, சஹகூனே முன்னுரையில் தருகிறார். நோயைத் தெரியாமல் வைத்தியர் மருந்து கொடுக்க முடியாது, இந்த மக்களின் பழைய மதம்தான் நோய், ஆகவே அதைத் தெரிந்துகொள்கிறேன் என்கிறார். ஒளித்துவைக்கவே இல்லை.

என் பிரச்சினை, இரண்டு தரப்பும் முன்னுரையோடு எழுந்துவிடுகிறார்கள் என்பது. ஒருவர் அதைப் பெருந்தன்மையாக மன்னிக்கிறார், இன்னொருவர் அதையே குற்றப்பத்திரிகை ஆக்குகிறார். 2,400 பக்கம் அப்படியே கிடக்கிறது. மூலத்துக்கும் உரைக்கும் நடுவில் நடக்கும் இழுபறியைப் படித்துப் பழகிய நமக்கு இந்தப் பிரதி அவ்வளவு அந்நியம் இல்லை. உரைகாரர் எங்கே விரிக்கிறார், எங்கே சுருக்குகிறார், எங்கே நழுவுகிறார் என்று பார்த்தாலே போதும்.

சஹகூன் ஏறத்தாழ 1499இல் ஸ்பெயினின் லியோன் பகுதியில் சஹகூன் என்ற ஊரில் பிறந்தவர். சலமான்காவில் படித்து, பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, 1529இல் நியூ ஸ்பெயினுக்கு, அதாவது இன்றைய மெக்சிகோவுக்கு, கப்பல் ஏறினார். கோர்டெஸின் படை டெனோச்டிட்லான் நகரத்தைப் பிடித்து எட்டே வருடம்தான் ஆகியிருந்தது. போர் முடிந்த இடம் பக்கத்திலேயே இருந்த ட்லாடெலோல்கோ. அதே ட்லாடெலோல்கோவில் 1536 ஜனவரியில் சபை ஒரு கல்லூரி திறந்தது. திருச்சிலுவைக் கல்லூரி என்று பெயர். நவா பிரபுக்களின் பிள்ளைகளைச் சேர்த்து லத்தீன் சொல்லிக்கொடுப்பது திட்டம். சஹகூன் ஆரம்பத்திலேயே அங்கே ஆசிரியர்.

இந்தக் கல்லூரியின் கதையைத்தான் 27ஆம் அத்தியாயத்தில் சொல்கிறார், அதைச் சொல்லும் விதம் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது. முதலில் ஸ்பானியர்களும் மற்ற சபைத் துறவிகளும் சிரித்தார்களாம், இவன்களுக்குப் போய் லத்தீனா என்று. இரண்டு மூன்று வருடத்தில் பையன்கள் லத்தீனில் செய்யுளே எழுத ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு வந்தது பயம். படித்தால் வேதத்தை அவர்களே வாசிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், பிறகு வழிதவறிப் போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. முதலில் ‘உனக்குப் படிப்பு வராது’, வந்துவிட்டால் ‘உனக்கு எதுக்குப் படிப்பு’. இந்த வரிசையைக் கேள்விப்படாதவர்கள் யாரும் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சஹகூன் தன் மாணவர்கள் பக்கம் நின்றார், இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே அத்தியாயத்தில், அதே தொனியில், இன்னொன்றையும் சொல்கிறார். மடங்களில் வளர்த்த பிள்ளைகளை அறுபது, நூறு பேராகக் கூட்டிக்கொண்டு, ஒன்றிரண்டு துறவிகளோடு ராத்திரியில் கிளம்பிப் போவார்கள். எங்கே பழைய சாமிக்கு ரகசியமாக விழா நடக்கிறதோ அங்கே புகுந்து, இருப்பவர்களையெல்லாம் கட்டி இழுத்துவருவார்கள். சொந்த ஊர்க்காரர்களை, சில நேரம் சொந்த உறவுகளையே. அந்தப் பயத்தில்தான் பழைய விழாக்கள் வெளிப்படையாக நடப்பது நின்றது என்று பதிவு செய்கிறார். குரலில் நடுக்கமோ வருத்தமோ எதுவும் இல்லை. 1539இல் டெஸ்கோகோவின் பிரபு தோன் கார்லோஸ் மத விசாரணைக்கு ஆளாகி எரிக்கப்பட்டார். அந்த விசாரணையில் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர் சஹகூன். மானுடவியலின் தந்தை கதையில் இந்த வருடம் அடிக்குறிப்புக்குப் போய்விடும்.

1558இல் சபைத் தலைமை அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. மதப் பரப்புக்குப் பயன்படும்படி இந்த மக்களைப் பற்றி அவர்கள் மொழியிலேயே எழுது என்று. டெபெபுல்கோ என்ற ஊருக்குப் போய், அந்த ஊர்த் தலைவரிடம் சொல்லி, பத்துப் பன்னிரண்டு பெரியவர்களை உட்காரவைத்தார். கையில் கேள்விப் பட்டியல். உதவிக்குத் தன்னிடம் லத்தீன் படித்த பழைய மாணவர்கள் நான்கு பேர். பெரியவர்கள் தங்கள் வழக்கப்படி சித்திரங்களாகப் பதில் கொடுத்தார்கள், மாணவர்கள் அதன் கீழே நவாட்லில் விளக்கம் எழுதினார்கள். பிறகு ட்லாடெலோல்கோவில் வேறு பெரியவர்களை வைத்து எல்லாவற்றையும் திரும்ப ஒரு முறை, அதன் பிறகு மெக்சிகோ நகர மடத்தில் இன்னொரு முறை. 1569 வாக்கில் நவாட்ல் பிரதி பன்னிரண்டு புத்தகங்களாகத் தயார்.

கேள்விகள் பாதிரியாருடையவை என்பது பத்தாம் புத்தகத்தில் அப்பட்டமாகத் தெரியும். நல்ல அப்பா எப்படி இருப்பார், கெட்ட அப்பா எப்படி இருப்பார். நல்ல வைத்தியர், கெட்ட வைத்தியர். நல்ல வியாபாரி, கெட்ட வியாபாரி. பாவமன்னிப்புக் கூண்டில் உட்கார்ந்து பழகியவரின் கேள்விகள் இவை. ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்த பெரியவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. கெட்ட கொக்கோ வியாபாரி என்ன செய்வான் என்றால், கீரைவிதை மாவிலும் மெழுகிலும் அவகாடோ கொட்டையிலும் போலிக் கொக்கோ விதை செய்து நல்ல விதையோடு கலந்துவிடுவான். கொக்கோ விதைதான் அங்கே சில்லறைக் காசு, ஆகவே இது கலப்படம் மட்டும் இல்லை, கள்ளநோட்டும்கூட. இதைச் சொன்னவருக்குப் பாவம் புண்ணியம் இரண்டாம் பட்சம். சந்தையில் ஏமாந்தவரின் எரிச்சலும், ஏமாற்றுகிறவனின் கைத்தொழில் மீது ஒரு ரகசிய மரியாதையும் அந்தப் பத்தியில் இருக்கிறது.

பதினொன்றாம் புத்தகம் விலங்கு, செடி, கல் பற்றியது. அதில் அஹுயிட்சோட்ல் என்று ஒரு பிராணி வருகிறது. தண்ணீரில் வாழும், வால் நுனியில் மனிதக் கை போல ஒரு கை இருக்கும், கரையில் நிற்பவரை அந்தக் கையால் பிடித்து உள்ளே இழுத்துவிடும். பறவைகளையும் மீன்களையும் விவரிக்கிற அதே நிதானத்தில் இதையும் விவரிக்கிறார்கள்.

இந்த மொழியின் எல்லாச் சொற்களையும் அடியோடு அரித்து எடுக்கிற இழுவலை என்று தன் புத்தகத்தைப் பற்றி சஹகூன் சொல்லியிருக்கிறார். அவர் மனதில் இருந்தது கலேபினோவின் லத்தீன் அகராதி மாதிரி ஒன்று. வலையை வீசியவர் அவர்தான். ஆனால் நோயாளியின் வியாதியை மட்டும் எழுத உட்கார்ந்தவருக்கு எதற்கு இத்தனை மீன்? எதற்குப் போலிக் கொக்கோவின் செய்முறை? ஏதோ ஒரு கட்டத்தில் மொழி மேலேயே அவருக்கு ஆசை வந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. பண்பாட்டின் மேல் வந்த மரியாதை என்று இதைப் பெரிதாக்க வேண்டாம். சொற்கள் மேல் வந்த பேராசை. நல்ல அகராதிக்காரர்கள் எல்லாருக்கும் இருக்கும் வியாதிதான்.

1570இல் சபை காசை நிறுத்தியது. எழுத்தர்களுக்குக் கூலி கொடுப்பது வறுமை விரதத்துக்கு விரோதமாம், வேண்டுமென்றால் நீரே எழுதிக்கொள்ளும் என்றார்கள். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, கை நடுங்கும், பேனா பிடிக்க முடியாது. புத்தகங்களை வாங்கி மாகாணம் முழுக்க மடம் மடமாகச் சிதறடித்தார்கள். ஐந்து வருடம் எதுவும் நடக்கவில்லை. 1575இல் ரோட்ரிகோ டி செகேரா என்ற புதிய அதிகாரி வந்து, இதற்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு வேண்டும், படங்களோடு வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார். நாம் இன்று பார்க்கிற இரண்டு பத்திப் பிரதி உருவானது அப்போதுதான்.

அடுத்த வருடம் கொள்ளைநோய் வந்தது.

1545இல் தொடங்கிய முந்தைய கொள்ளைநோயில் ட்லாடெலோல்கோவில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களைப் புதைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவருக்கும் நோய் வந்து சாவின் விளிம்பு வரை போய் மீண்டார். 1576இல் அது திரும்பியது. கல்லூரியில் கிட்டத்தட்ட யாருமே இல்லை, செத்தவர்கள் போக மற்றவர்கள் நோயாளிகள் என்று 27ஆம் அத்தியாயத்தில், உடல் உறுப்புகளின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, எழுதிவைக்கிறார். ஓவியர்களுக்கு வண்ணம் கிடைப்பதுகூட நின்றுபோயிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிரதி முழுக்க சுமார் 2,500 படங்கள், பெரும்பகுதி வண்ணத்தில். கடைசிப் புத்தகத்துக்கு வரும்போது பெரும்பாலும் கறுப்பு மைக்கோடு மட்டும்தான்.

ஸ்பானியப் படையெடுப்பைச் சொல்லும் அந்தப் பன்னிரண்டாம் புத்தகத்தில் இரண்டு பத்திகளுக்கும் நடுவில் இருக்கிற தூரம் வேறு வகை. சொன்னவர்கள் ட்லாடெலோல்கோக்காரர்கள், தோற்றவர்கள். மொக்டெசூமாவின் தூதர்கள் வழியில் தங்கம் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில், ஸ்பானியர்கள் அதைக் குரங்குகள் மாதிரி பாய்ந்து பிடித்தார்கள், பன்றிகள் மாதிரி அதற்காகப் பசித்தார்கள் என்று நவாட்ல் பத்தி சொல்கிறது. ஸ்பானிஷ் பத்தியில் குரங்கும் இல்லை பன்றியும் இல்லை. அவர்கள் மகிழ்ந்தார்கள், தங்கத்தை உயர்வாக மதிப்பதைக் காட்டினார்கள், அவ்வளவே. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கோபம் முழுக்க வடிந்துவிட்டது.

இப்படிச் சுருக்கச் சுருக்க இடது பத்தியில் வெற்றிடம் விழுகிறது. நவாட்ல் நீளமான மொழி, ஒன்றையே நான்கு விதமாகச் சொல்லி அடுக்கும். அதன் பக்கத்தில் ஸ்பானிஷ் பாதி நீளத்தில் நின்றுவிடும். மிச்ச இடத்தில் என்ன செய்வது? படம் போட்டார்கள். நிறைய படங்கள் மொழிபெயர்ப்பாளர் விட்டுப்போன இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 1520இன் பெரியம்மை படம் புகழ்பெற்றது. உடல் முழுக்கக் கொப்புளங்களோடு பாயில் கிடக்கும் மனிதர்கள், ஒருவர் பக்கத்தில் குனிந்து ஏதோ பேசும் ஒரு பெண், அவள் வாயிலிருந்து கிளம்பும் சுருள், நவா ஓவிய மரபில் பேச்சுக்கு அதுதான் குறி. அவள் என்ன சொல்கிறாள் என்று எந்தப் பத்தியிலும் இல்லை.

1585இல் சஹகூன் இந்தப் புத்தகத்தைத் திருத்தி மறுபடி எழுதினார். முன்பு எழுதியதில் சொல்லக்கூடாத சில சொல்லப்பட்டன, சொல்லவேண்டிய சில விடுபட்டன என்று காரணம் சொன்னார். திருத்திய பிரதியில் கோர்டெஸ் கொஞ்சம் பளபளப்பாகத் தெரிகிறார்.

நியாயமாகச் சொன்னால், அவர் எப்போதும் இப்படி மழுப்புகிறவர் இல்லை. ஆறாம் புத்தகத்தில் ஹுஹுயெட்லாடோல்லி எனப்படும் பெரியவர் உரைகள் இருக்கின்றன. மகளுக்கு அப்பா சொல்வது, புதிய அரசனிடம் பேசுவது, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி பிறந்த குழந்தையிடம் பேசுவது. இதை 1547லேயே திரட்டிவிட்டார், முப்பது வருடம் கழித்து மொழிபெயர்த்தார். இங்கே ஸ்பானிஷ் பத்தி மூலத்தோடு கூடவே நடக்கிறது. ‘தண்ணீரும் மலையும்’ என்றால் ஊர், ‘பூவும் பாட்டும்’ என்றால் கவிதை என்று இரண்டு சொல்லைச் சேர்த்து மூன்றாவது அர்த்தத்தைப் பிறப்பிக்கும் மொழி அது. அந்த நுட்பம் அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கிறது. விழுந்ததால்தான் பயந்தார் என்றும் சொல்லலாம். டெபெயாக் குன்றில் மரியாளுக்கு இருந்த கோயிலுக்கு ஜனங்கள் தூரதூரத்திலிருந்து வருகிறார்கள், ஆனால் அவர்கள் அவளை டோனான்ட்சின் என்கிறார்கள், ‘நம் தாய்’, அது அங்கே முன்பிருந்த தெய்வத்தின் பெயர் ஆயிற்றே என்று பதினொன்றாம் புத்தகத்தில் எரிச்சலோடு எழுதுகிறார். இது சாத்தானின் தந்திரம் போலிருக்கிறது என்கிறார். மொழிபெயர்ப்பில் மூல தெய்வம் அப்படியே உயிரோடு கடந்து வந்துவிடும் என்று அந்தக் காலத்தில் அவரைவிடத் தெளிவாகப் புரிந்தவர் குறைவு.

சரி, 27ஆம் அத்தியாயத்துக்குத் திரும்புவோம். அதில் அவர் சொல்வதன் மையம் ரொம்பக் கசப்பானது. இந்த மக்கள் தங்கள் பழைய ஒழுங்கில் பிள்ளைகளை நன்றாக வளர்த்தார்கள், குடியைக் கட்டுப்படுத்தினார்கள், உழைத்தார்கள். ஸ்பானியர்கள் வந்து எல்லாவற்றையும் கலைத்தார்கள். விக்கிரக வழிபாடு எல்லாவற்றிலும் கலந்திருந்ததால் கலைத்தே ஆகவேண்டியிருந்தது. கலைத்ததால் இப்போது இவர்கள் கெட்டுப்போய்விட்டார்கள். இந்த வாக்கியங்களை வரிசையாகப் படித்தால் அடுத்து வரவேண்டிய வாக்கியம் எது என்று நமக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்று, சீதோஷ்ணத்தின் மீதும் நட்சத்திரங்களின் மீதும் பழியைப் போடுகிறார். இங்கே பிறக்கும் ஸ்பானியர்களும்தான் இப்படி ஆகிவிடுகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். இரண்டு நவா இளைஞர்களுக்குத் துறவியின் அங்கி கொடுத்துப் பார்த்தோம், இவர்கள் அதற்கு லாயக்கில்லை என்று கண்டோம் என்றும் வருகிறது.

இதையெல்லாம் எழுதிய கை யாருடையது என்று யோசித்தேன். அவருடைய கைதான் நடுங்குகிறதே. பிரதியை எழுதியது நவா எழுத்தர்கள், அந்தக் கல்லூரி உருவாக்கிய படிப்பாளிகள். அப்படியென்றால் இந்தியர்கள் துறவுக்குத் தகுதியற்றவர்கள் என்ற வரியை, நோய் பரவிக்கிடந்த அந்த நகரத்தில், அவர் சொல்லச் சொல்ல அழகான கையெழுத்தில் தாளில் இறக்கியது ஒரு நவா. எழுதும்போது அவர் என்ன நினைத்தார்? வலது பத்தியை உருவாக்கிய கூட்டத்துக்கு இடது பத்தியைப் படிக்கத் தெரியும். சஹகூனுக்கு இது உறைத்ததாக எந்தத் தடயமும் இல்லை. இத்தனைக்கும் அதே அத்தியாயத்தில், நாங்கள் எழுதும் பிரசங்கங்களில் பிழை இல்லாமல் பார்ப்பவர்கள் இவர்கள்தான் என்றும் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் பெயரை அவர் மறைக்கவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். அஸ்கபோட்சால்கோவின் அந்தோனியோ வலேரியானோ, குவாட்டிட்லானின் அலோன்சோ வெகெரானோ, பெட்ரோ டி சான் புவெனாவெந்துரா, ட்லாடெலோல்கோவின் மார்ட்டின் ஹகோபிடா. எழுத்தர்கள் தியேகோ டி கிராடோ, பொனிஃபாசியோ மாக்ஸிமிலியானோ, மதேயோ செவெரினோ. பதினாறாம் நூற்றாண்டில் வேறு எத்தனை பேர் இப்படிப் பெயர் சொன்னார்கள்? ஆனாலும் புத்தகத்தின் முதுகில் ஒரே பெயர்தான் நிற்கிறது, இன்றைக்கும். வலேரியானோ பின்னாளில் டெனோச்டிட்லானின் நவா ஆட்சிப் பகுதிக்கு இருபது வருடத்துக்கும் மேல் ஆளுநராக இருந்தவர். அவரை ‘சஹகூனின் உதவியாளர்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகிற கட்டுரைகளைப் பார்த்தால் கடுப்பாக இருக்கிறது. இந்தப் பிரதிக்குப் பல ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் மற்றவர்களைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தில் இருந்தார்.

1577 ஏப்ரலில் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை வந்தது. சஹகூனின் புத்தகங்களைப் பிரதி எதுவும் விடாமல் திரட்டி ஸ்பெயினுக்கு அனுப்பு, இந்தியர்களின் மூடநம்பிக்கை பற்றியோ பழைய வாழ்க்கை பற்றியோ எந்த மொழியிலும் இனி யாரும் எழுதக்கூடாது என்று. நோயைத் தெரிந்துகொள்ளத் தொகுத்ததே தொற்றைப் பரப்பிவிடும் என்று மேலே இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். கேட்டால் அபத்தமாக இருக்கிறது, ஆனால் ஒரு விதத்தில் அவர்கள் சஹகூனைவிட நல்ல வாசகர்கள். அந்தப் பக்கங்களில் வைத்தியரின் குறிப்பைவிட நோயாளியின் குரல் சத்தமாகக் கேட்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அச்சானது ஒரே ஒரு நூல், 1583இல் வந்த ‘சால்மோடியா கிறிஸ்தியானா’. நவாக்கள் தங்கள் பழைய பாட்டுகளை விட்டுவிட்டுப் பாடுவதற்காக நவாட்லில் எழுதிய கிறிஸ்தவப் பாடல்கள். 1590இல், தொண்ணூறை ஒட்டிய வயதில், மெக்சிகோ நகரத்தில் இறந்தார். கோடெக்ஸ் எப்படியோ ஃபுளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்தின் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. 2023இல் கெட்டி ஆய்வு நிறுவனம் இரண்டு பத்திகளையும் படங்களையும் மொழிபெயர்ப்போடு இணையத்தில் ஏற்றியது. போனிலேயே பார்க்கலாம், இலவசம்.

பார்க்கிறவர்கள் 27க்கு அடுத்து 28ஆம் அத்தியாயத்தையும் திறந்து பாருங்கள். நோய்களும் மருந்துகளும் பற்றியது அது. இந்த வேர், இந்த இலை, இப்படி அரைத்து, இத்தனை நாள். இங்கே ஸ்பானிஷ் பத்தி ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டது. தகவல் சொன்ன நவா வைத்தியர்களின் பெயர்களையும் எழுதியிருக்கிறார். தன்னை வைத்தியராகக் கற்பனை செய்துகொண்டவருக்கு மருந்து முக்கியமாகப் பட்டிருக்கிறது, உடல் அப்படிப் படவில்லை. விட்டுப்போன உடலை எடுத்துக்கொண்டவர் மெக்சிகோவின் வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரெடோ லோபெஸ் ஆஸ்டின். நவாட்ல் மருத்துவப் பகுதிகளை மொழிபெயர்த்தார். உயிர் எங்கே இருக்கிறது, கோபம் எந்த உறுப்பில் பிறக்கிறது, உடலின் எந்தப் பாகம் சமூகத்தின் எந்தப் பாகத்தோடு பேசுகிறது என்று நவாக்கள் நினைத்ததையெல்லாம் விரித்து 1980இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் தோண்டிய சுரங்கங்களில் ஒன்று அந்த உறுப்புப் பட்டியல்.